இரண்டாவது ஈட்டி: மாந்திரீகம், அறிவியல், பழி

1. கேள்வி

இன்றைய தென் சூடானிலும் அதை ஒட்டிய காங்கோ, மத்திய ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் வாழும் அசாண்டே மக்களின் தானியக் குதிர்கள் கனத்த மரக்கால்களின் மேல் நிற்பவை. உச்சி வெயிலில் அவற்றின் நிழலில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். மரக்கால்களைக் கறையான் அரிக்கும். ஒருநாள் குதிர் சரியும். அடியில் இருந்தவர்கள் காயப்படுவார்கள். கறையான் அரித்துத்தான் சரிந்தது என்று அசாண்டேயர் நன்றாகவே அறிவர். அவர்கள் கேட்பது அடுத்த கேள்வி: எத்தனையோ நாள் நின்ற குதிர், இன்னார் அடியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் சரிந்தது? அதற்கு அவர்கள் தரும் விடை சூனியம்.

இதை விளக்க அவர்கள் வேட்டையிலிருந்து ஓர் உவமை சொல்வார்கள். விலங்கின்மேல் முதல் ஈட்டி எறிந்தவருக்கும் இரண்டாவது ஈட்டி எறிந்தவருக்கும் இறைச்சியில் பங்கு உண்டு. இருவரும் சேர்ந்தே அதைக் கொன்றார்கள். ஒருவரை யானை மிதித்துக் கொன்றால் யானை முதல் ஈட்டி, சூனியம் இரண்டாவது ஈட்டி. 1926க்கும் 1930க்கும் இடையில் பலமுறை அவர்களோடு தங்கிய மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் 1937இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்தார். மாந்திரீகத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு பற்றிய பிற்கால விவாதம் பெரும்பாலும் அந்த நூலோடு பேசியபடியே வளர்ந்தது.

அந்த விவாதம் இரண்டு துருவங்களுக்கு நடுவே ஆடிவந்திருக்கிறது. மாந்திரீகம் தவறிப்போன அறிவியல் என்பது ஒன்று. அது அறிவியலோடு ஒப்பிடவே கூடாத வேறொரு செயல், சடங்கு, குறியீடு என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் ஒரு கேள்வியைப் போதிய அளவு அழுத்திக் கேட்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். செய்தது பலிக்காதபோது குற்றம் எங்கே போய் விழுகிறது? இந்தக் கேள்வியை முன்வைத்தால் மாந்திரீகமும் அறிவியலும் பிரியும் இடம் தெளிவாகத் தெரியும்.

2. ஃபிரேசர் தந்த தராசு

1890இல் இரண்டு தொகுதிகளாக வந்து, பின்னர் பன்னிரண்டாக விரிந்த 'பொற்கிளை' நூலில் ஜேம்ஸ் ஃபிரேசர் மாந்திரீகத்தை இரண்டு விதிகளுக்குள் அடக்கினார். ஒத்தது ஒத்ததை விளைவிக்கும் என்பது ஒன்று. பகைவரின் உருவப்பொம்மையில் ஊசி குத்துவது இதன்படிதான். ஒருமுறை தொட்டது பிரிந்த பின்னும் தொடர்பில் இருக்கும் என்பது இரண்டாவது. வெட்டிய நகமும் தலைமுடியும் காலடி மண்ணும் சூனியக்காரர் கையில் சிக்கக்கூடாது என்ற அச்சம் இதிலிருந்து வருகிறது. இயற்கை மாறா விதிகளால் இயங்குகிறது என்று நம்புவதில் மாந்திரீகம் அறிவியலுக்கு நெருங்கியது, விதிகளைத் தப்பாகப் பிடித்துக்கொண்டது மட்டுமே அதன் குறை என்றார் அவர். மனித குலம் மாந்திரீகத்தில் தொடங்கி, சமயத்தைக் கடந்து, அறிவியலை வந்தடைந்தது என்பது அவர் வரைந்த கோடு.

ஃபிரேசர் களத்துக்குப் போனவர் அல்லர். கேம்பிரிட்ஜில் இருந்தபடி பயணிகளும் மிஷனரிகளும் எழுதியவற்றைத் திரட்டியவர். களத்துக்குப் போன மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி அந்தக் கோட்டை உடைத்தார். நியூகினியை அடுத்த திரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கியிருந்த அவர், அங்குள்ள உழவர்கள் மண், பருவம், விதை, பூச்சி பற்றிய நுட்பமான அறிவு உடையவர்கள் என்பதைக் கண்டார். வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் உழைப்பும் நடக்கும், மந்திரமும் நடக்கும், ஒன்றை மற்றொன்றாக அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. உள்கடலில், நிச்சயமாகவும் ஆபத்தின்றியும் மீன் பிடிக்கும் இடத்தில், மந்திரம் இல்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலில் அதே மக்கள் விரிவான மந்திரச் சடங்கு செய்கிறார்கள். அறிவு முடியும் எல்லையில், அச்சமும் ஆசையும் மிஞ்சும்போது மாந்திரீகம் எழுகிறது என்று 1925இல் அவர் எழுதினார். அறிவியல் மனமும் மாந்திரீக மனமும் வெவ்வேறு காலத்து மனிதர்களுக்கு உரியவை அல்ல. ஒரே மனிதரிடம், ஒரே நாளில், அடுத்தடுத்து இயங்குபவை.

ஃபிரேசரின் விதிகள் படித்தவர்களிடமும் உயிரோடு இருப்பதை உளவியல் பின்னர் காட்டியது. பால் ரோசினும் அவர் தோழர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் பார்த்திருக்கவே இரண்டு புட்டிகளில் சர்க்கரை கொட்டப்பட்டது. ஒன்றில் சர்க்கரை என்றும் மற்றொன்றில் சயனைடு என்றும் சீட்டு ஒட்டியவர்களும் அவர்களே. பிறகு சயனைடு என்று எழுதிய புட்டியின் சர்க்கரை கலந்த நீரைக் குடிக்கப் பலர் தயங்கினார்கள். உள்ளே இருப்பது சர்க்கரை என்று அவர்களுக்கு ஐயமில்லாமல் தெரியும். பெயர் பொருளைத் தொற்றிக்கொள்கிறது என்ற உணர்வை அந்த அறிவால் துடைக்க முடியவில்லை. ஆகவே வேறுபாட்டை மனத்தின் அமைப்பில் தேடுவதில் பயனில்லை.

3. குறி தவறும்போது

அசாண்டேயரிடம் குறி பார்க்கும் வழிகளில் உயர்ந்தது நஞ்சுக்குறி. ஒரு காட்டுக்கொடியிலிருந்து எடுத்த நஞ்சைக் கோழிக்குஞ்சுக்குப் புகட்டி, கேள்வி கேட்பார்கள். குஞ்சு சாவதும் பிழைப்பதும் விடை. ஒருமுறை போதாது, முதல் குஞ்சு செத்தால் இது உண்மை என்று கேட்டிருந்தால், அடுத்த குஞ்சு பிழைத்தால் இது உண்மை என்று தலைகீழாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் குறி செல்லும். மறுசோதனை என்ற கருத்து இங்கே தெளிவாக இருக்கிறது. எவன்ஸ்-பிரிச்சர்ட்டும் தம் வீட்டு நடப்புகளை இந்தக் குறியைக் கேட்டே முடிவு செய்து பார்த்தார்; அன்றாட வாழ்வை நடத்த அது மோசமான வழியல்ல என்று எழுதினார்.

இரண்டு சோதனையும் முரண்பட்டால்? குறி சொன்னது பின்னால் பொய்த்தால்? விடைகள் தயாராக இருக்கும்: தவறான கொடியைப் பறித்திருக்கிறார்கள், நஞ்சு பழையதாகிவிட்டது, எடுத்தவர் விலக்கை மீறிவிட்டார், கொடி வளரும் காட்டுக்கு உரியவர்கள் சினந்திருக்கிறார்கள், ஆவிகள் கோபத்தில் இருக்கின்றன, சூனியம் குறுக்கிட்டிருக்கிறது. ஒவ்வொரு தோல்வியும் அந்த நம்பிக்கையின் இன்னொரு பகுதியைக் கொண்டு விளக்கப்படுவதால், தோல்வியே நம்பிக்கைக்குச் சான்றாகிவிடுகிறது. அசாண்டேயர் ஐயப்படத் தெரியாதவர்கள் அல்லர். இந்த மருத்துவர் மோசடிக்காரர், அந்தக் குறி நம்பத்தகாதது என்று தாராளமாகச் சொல்வார்கள். ஐயம் தனித்தனி ஆட்கள்மேல் விழுகிறது; முழு ஏற்பாட்டின்மேல் விழுவதில்லை.

அறிவியலிலும் இப்படித்தானே நடக்கிறது என்று கேட்கலாம். கேட்டவர் வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலன்யி. தனக்கு எதிரான சான்றை அறிவியலாளரும் கருவிப் பிழை, அசுத்தம், கவனக்குறைவு என்று தள்ளிவைக்கிறார்; அப்படித் தள்ளாவிட்டால் எந்தக் கோட்பாடும் ஒரு வாரம் தாங்காது. அசாண்டே நூலையே எடுத்துக்காட்டி அவர் இதை வாதிட்டார். இந்த வாதத்தை எளிதாகக் கடந்துவிட முடியாது.

வானியலில் இருந்து இதற்கு ஒரு சான்று உண்டு. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி ஓடவில்லை. நியூட்டனின் விதியே தவறு என்று ஐயப்பட்டவர்கள் சிலரே. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846இல் அவர் சுட்டிய இடத்துக்கு அருகிலேயே நெப்டியூன் அகப்பட்டது. பிறகு புதன் கோளும் கணக்கை மீறியபோது, அதே லெவெரியே 1859இல் அதே வழியைக் கையாண்டார்: சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. தேடினார்கள், கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 43 வில்விநாடி என்ற அந்த மிச்சம் வானியல் ஏடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. பிழையைச் சுமத்த ஓர் ஆளைத் தேடவில்லை. ஏட்டிலிருந்து அழிக்கவும் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைப் பற்றிய கோட்பாட்டையே மாற்றினார்; மிச்சம் தீர்ந்தது.

சாக்குச் சொல்வதில் இரண்டு தரப்பும் ஒன்றுதான். பிரிவது அதன் பிறகு. கணக்கு ஏட்டில் தோல்வி எழுதப்பட்டு, பலர் கண்ணில் பட்டு, நாளடைவில் கோட்பாட்டின்மேல் குற்றம் சாட்ட வழி திறந்திருந்தது. அசாண்டேயர் ஒவ்வொரு குறியையும் தனியாகக் கேட்டு, தனியாக மறந்தார்கள். நூறு குறிகளின் முடிவை ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் ஏடு அங்கே இல்லை.

4. மாற்று அறியாத மனமா?

நைஜீரியாவில் வாழ்ந்து எழுதிய ராபின் ஹார்ட்டன் 1967இல் வேறொரு விளக்கம் தந்தார். ஆப்பிரிக்க மரபுச் சிந்தனை அறிவியலைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஆற்றல்களைக் கொண்டு தெரிவனவற்றை விளக்குகிறது. மூடத்தனம் என்று அதை ஒதுக்குவது தவறு. ஆனால் அந்தச் சமூகங்களில் மாற்றுக் கோட்பாடுகள் பற்றிய உணர்வு வளரவில்லை. அறிவியல் வளர்ந்த சமூகங்களில் வளர்ந்தது. முதற்பாதி மிக மதிப்புக்குரியது. இரண்டாம் பாதியைப் பிற்காலத்தில் அவரே திருத்திக்கொண்டார்.

அந்த இரண்டாம் பாதியை உண்மையில் சோதித்துப் பார்த்தது லண்டன் மாநகர். 1980களின் தொடக்கத்தில் மானுடவியலாளர் தான்யா லூர்மன் அங்கே மாந்திரீகக் குழுக்களில் சேர்ந்து பழகி, 1989இல் நூல் எழுதினார். அவர் சந்தித்தவர்கள் படித்த நடுத்தர வர்க்கத்தினர். கணினித் துறையில் வேலை செய்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மாற்றுக் கோட்பாடுகள் அவர்களைச் சுற்றி நிரம்பிக் கிடந்தன. ஆயினும் மாலையில் கூடி, வட்டம் வரைந்து, மனத்தில் உருவங்களை எழுப்பி, வேலை கிடைக்கவும் நோய் தீரவும் சடங்கு செய்தார்கள்.

மாந்திரீகம் எப்படி இயங்குகிறது என்று கேட்டபோது அவர்கள் சொன்னவற்றை லூர்மன் நால்வகையாகப் பிரித்தார். சிலருக்கு அது மெய்யான ஆற்றல்; அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவே. சிலருக்கு அது வேறோர் உலகின் உண்மை. இந்த உலகின் அளவுகோலால் அதை அளக்கக் கூடாது. சிலருக்கு உண்மை என்பதே அவரவர் பார்வை. சிலருக்கு அது உள்ளத்தை வளமாக்கும் கற்பனை. மெய்யா பொய்யா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரே ஆள் ஒரே உரையாடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் உண்டு.

கருத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அவர்கள் சடங்குக்கு வரவில்லை என்பதே லூர்மனின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆர்வத்தால் வந்தார்கள், செய்தார்கள், செய்யச் செய்ய மனத்தில் உருவங்கள் துலங்கின, தற்செயல்கள் கண்ணில் பட்டன, பார்க்கும் முறை சிறுகச் சிறுக நகர்ந்தது. அதன் பிறகே விளக்கம் வந்தது. மாந்திரீகத்தைப் பற்றித் தனிமனிதர்கள் தரும் விளக்கங்களை ஃபிரேசர் போலக் கோட்பாடுகளாக மட்டும் எடுத்துக்கொண்டு மெய், பொய் என்று மதிப்பெண் போடுபவர் நம்பிக்கையின் வேரைத் தொடுவதில்லை. நால்வகை விடைகளும் செய்யும் ஒரு பொதுவேலை மட்டும் என் கண்ணுக்குத் தெளிவாகப் படுகிறது: ஒவ்வொன்றும் தோல்வியைக் கணக்கில் எழுதாமல் காக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஆற்றலும், அளக்கக் கூடாத உலகமும், அவரவர் உண்மையும், கற்பனையும் தோற்றுப்போவதே இல்லை.

5. தம்பையாவின் மறுப்பு

இந்த விவாதத்தில் தமிழர் ஒருவரின் குரல் மிக வலிமையானது. இலங்கையில் 1929இல் பிறந்து, கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்து, 2014இல் மறைந்த ஸ்டான்லி ஜெயராஜா தம்பையாவை உலக மானுடவியல் கொண்டாடிய அளவுக்கு நம் சிற்றிதழ்கள் வாசிக்கவில்லை என்பது என் வருத்தம்.

மந்திரச் சொற்களின் ஆற்றல் பற்றி 1968இலும், மந்திரச் செயல்களின் வடிவம் பற்றி 1973இலும் அவர் எழுதிய கட்டுரைகள் ஃபிரேசரின் தராசையே மறுத்தன. அசாண்டே உழவர் வாழைக்கன்றை முதலைப் பல்லால் குத்தி, இந்தப் பற்களைப் போல் வாழை பெருகட்டும் என்று வேண்டுகிறார். முதலைப் பல்லுக்கும் வாழைக்கும் காரணத் தொடர்பு இருப்பதாக அவர் முடிவு கட்டிவிட்டார் என்று ஃபிரேசர் சொல்வார். இல்லை என்கிறார் தம்பையா. அறிவியலில் ஒப்புமை, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிக்க உதவுகிறது. சடங்கில் ஒப்புமை, விரும்பிய பண்பை இங்கே வா என்று அழைத்துப் பதிய வைக்கிறது. தாலி கட்டியதும் திருமணம் நிகழ்ந்துவிடுகிறது. அதை மெய், பொய் என்று சோதிப்பதில்லை, முறையாக நடந்ததா என்றே கேட்கிறோம். சொல்லாலேயே செயல் நிகழும் என்ற ஆஸ்டினின் மெய்யியலைத் தம்பையா இப்படி மந்திரத்துக்குப் பொருத்தினார். 1990இல் வந்த நூலில், உலகோடு உறவாட மனிதருக்குக் காரணகாரியம் ஒரு வழி, பங்கேற்பு இன்னொரு வழி, இரண்டும் எல்லாச் சமூகத்திலும் உண்டு என்றும் வாதிட்டார்.

ஃபிரேசரின் ஏளனத்திலிருந்து மக்களை மீட்டது இந்த வாதம். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் இங்கே இரண்டு தடைகளை எழுப்ப வேண்டியிருக்கிறது.

முதல் தடை, செய்பவரின் எதிர்பார்ப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாயத்துக் கட்டிக்கொள்ள வரும் தாய் குறியீட்டு நிறைவைத் தேடி வரவில்லை. காய்ச்சல் இறங்க வேண்டும். அதற்காகக் காசு கொடுக்கிறாள். அவள் கேட்ட கேள்வியைத் தள்ளிவிட்டு, அவள் செய்தது ஒருவகைக் கவிதை என்று சொல்வது அவளுக்கு மரியாதை ஆகாது.

பலிப்பதும் உண்டே என்றால், அதன் எல்லையை அறிவியலே ஓரளவு வரைந்திருக்கிறது. ஹார்வர்டின் டெட் காப்சக் குழு 2010இல் வெளியிட்ட சோதனையில், குடல் உபாதை உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு, மருந்தில்லா மாத்திரை என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 விழுக்காட்டினர் போதிய ஆறுதல் கிடைத்தது என்றார்கள். மாத்திரை பெறாதவர்களில் 35 விழுக்காட்டினர். சொல்லும் முறையும் கவனிப்பும் வலியை, குமட்டலை, உணரப்படும் துன்பத்தைத் தொடுகின்றன. மந்திரிப்பவரிடம் போய் ஆறுதலோடு திரும்புகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றல் மழைக்கும் வாழைக்கும் பாம்பு நஞ்சுக்கும் எட்டாது.

இரண்டாவது தடை இன்னும் கடுமையானது. முறையாக நடந்த சடங்கு ஒருவரைச் சூனியக்காரி என்று அறிவித்தால், தம்பையாவின் அளவுகோல்படி அது நிறைவேறிய செயல். சொன்னது நிகழ்ந்துவிடுகிறது, ஊர் அவளை அப்படியே நடத்துகிறது. சடங்கின் வெற்றி எவ்வளவு கொடியதாக ஆகக்கூடும் என்பதைத் தம்பையா அறியாதவர் அல்லர். 1983க்குப் பின் இலங்கை இனவன்முறையைப் பற்றியும், 1996இல் தெற்காசியக் கலவரக் கூட்டங்களைப் பற்றியும் எழுதிய நூல்களில், கூட்டு வன்முறை சடங்கு போல வழக்கமாக்கப்பட்டு நடப்பதை அவரே ஆராய்ந்தார். அந்தப் பிற்காலப் பார்வையை மாந்திரீகம் பற்றிய முற்காலக் கட்டுரைகளோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

6. பெட்டிக்குள் நியூட்டன்

1936இல் லண்டனில் ஐசக் நியூட்டனின் கையெழுத்துப் பிரதிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் கணிசமான பகுதியை வாங்கியவர் பொருளியலாளர் கெய்ன்ஸ். இரசவாதம் பற்றி நியூட்டன் எழுதிவைத்த இலட்சக்கணக்கான சொற்கள் அவற்றில் இருந்தன. வாசித்த கெய்ன்ஸ், நியூட்டனை மாந்திரீகர்களின் வரிசையில் கடைசியானவராகக் கண்டார். இதைச் சொல்லும் கெய்ன்ஸின் உரை அவர் இறந்தபின் 1946இல் வாசிக்கப்பட்டது. இரசவாதத்தில் கவனமான வேதியியல் சோதனையும் இருந்தது என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் திருத்துகிறார்கள். அது சரியே. நம் கேள்விக்கு வேண்டியது வேறு: இயற்பியலையும் இரசவாதத்தையும் செய்தது ஒரே மூளை, ஒரே உழைப்பு. 1687இல் அச்சான இயற்பியல் நூலை லைப்னிட்ஸ் முதலானோர் வெளிப்படையாகத் தாக்கினார்கள். தொலைவிலிருந்து இழுக்கும் ஈர்ப்பே ஒரு மறைஆற்றல் என்று குற்றம் சாட்டினார்கள். நூல் அந்தத் தாக்குதலில் தேறியது. இரசவாத ஏடுகளைத் தாக்க யாருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை.

7. பழி விழும் இடம்

அசாண்டேயரிடம் திரும்புவோம். குறி ஒருவரைச் சுட்டினால், செத்த கோழியின் சிறகை அவரிடம் கொண்டு செல்வார்கள். அவர் அதன்மேல் நீரைக் கொப்பளித்து, தமக்குத் தீய எண்ணம் இல்லை, தம் உடலில் சூனியம் இருந்தால் அது குளிரட்டும் என்பார். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பழியைச் சுமத்தி உடனே தணிக்கும் ஏற்பாடு அது. ஆயினும் எவன்ஸ்-பிரிச்சர்ட்டின் பதிவிலேயே, அரச குலத்தவர்மேல் சூனியப் பழி விழுவதில்லை. நஞ்சுக்குறி கேட்கும் உரிமை பொதுவாகப் பெண்களுக்கு இல்லை. பழி சமூக மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது.

கோழிச் சிறகு போன்ற தணிப்பு இல்லாத இடத்தில் அதே பழி கொலையாகிறது. பீகார் 1999இல் சூனியக்காரி என்று பழிசுமத்துவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஜார்க்கண்ட் அதை 2001இல் ஏற்றது. அசாம் சட்டமன்றம் 2015இல் இன்னும் கடுமையான சட்டத்தை நிறைவேற்றியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான நோக்கங்களில் சூனியத்தையும் ஒன்றாக ஆண்டுதோறும் எண்ணுகிறது. பலியாகிறவர்களில் பெண்கள் மிகுதி. பின்னால் நிலத் தகராறு இருப்பதும் அடிக்கடி வெளிவந்திருக்கிறது.

பகுத்தறிவு இயக்கங்கள் பெரும்பாலும் முதல் ஈட்டியோடு, அதாவது எப்படி நடந்தது என்ற கேள்வியோடு, போராடின. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்த தாவரவியல் ஆசிரியர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறைகூவினார். அவர் 1978இல் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அந்த அறைகூவல் நம்பிக்கையின் கூற்றைச் சோதித்தது. துயரத்தில் இருப்பவர் ஏன் எனக்கு, ஏன் இப்போது என்று கேட்பதற்கு அதில் விடை இல்லை. கோவூரின் வேறொரு பணி அந்த இடத்தைத் தொட்டது. பேய் கல்லெறிகிறது என்று அழைக்கப்பட்ட வீடுகளில் அவர் மனத்துயரில் இருக்கும் ஒருவரைத் தேடினார். கண்டபின் அவரைத் தண்டிக்கச் சொல்லாமல் மனச்சிகிச்சை செய்ய முயன்றார். அறைகூவலைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரண்டாவது ஈட்டி யார் கையில் என்ற கேள்வியை அவர் புறக்கணிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

கறையானே போதும், வேறு காரணம் வேண்டாம் என்று ஏற்றுக்கொள்வது எளிதல்ல. அறிவியல் நம்மிடம் கேட்பது அதைத்தான். அதை ஏற்கும் சமூகத்தில் குதிர் சரிந்ததற்கு அண்டை வீட்டுக் கிழவி பதில் சொல்ல வேண்டியதில்லை. மாந்திரீகத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடுகளுள் மனித உயிர்களோடு நேரடியாகத் தொடர்புடையது இதுவே என்பது என் முடிவு.

நாட்டார் வழக்காற்றைச் சேகரிக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மந்திரத்தின் சொற்களையும் தகட்டின் கட்டங்களையும் எழுதிக்கொள்ளும்போது, பலிக்காமல் போனவற்றையும் எழுதுங்கள். எவ்வளவு செலவானது, பலிக்காததற்கு என்ன காரணம் சொல்லப்பட்டது, யார் பெயர் அடிபட்டது, அந்த ஆளுக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். ஊரையும் ஆண்டையும் குறித்துவையுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை மட்டும் வெளியிடாதீர்கள்.